ஆட்ட நாள் மலர்கள்

ஆண்டுதோறும் நம் சங்கத்தின் விழாவன்று மலர் ஒன்று வெளிவருகின்றது. வாழ்த்துரைகளும், செயற்குழுவினரின் பெயர்களும், வணிகப் பெருமக்களின் விளம்பரங்களும், உறுப்பினர்கள் எழுதிய கட்டுரைகளும் கவிதைகளும் அதில் இடம்பெறுகின்றன. விழா முடிந்தபின் சிலர் அதனை வீட்டிற்கு எடுத்துச் சென்று படிப்பர். சிலர் அமர்ந்த இருக்கையிலேயே விட்டுச் செல்வர். ஆயினும், இருபது ஆண்டுகள் கழித்து, அவ்வாண்டில் செயலாளராக இருந்தவர் யார், நாடகத்தில் நடித்தவர் யார் என்னும் ஐயம் எழுமாயின், அதனைத் தீர்ப்பது பெரும்பாலும் அம்மலரேயாம்.

இம்மலருக்கு உடன்பிறப்பு எனத்தக்க ஒன்று விளையாட்டுலகிலும் உண்டு. கால்பந்தாட்டம் நடைபெறும் நாளன்று அரங்கின் வாயிலில் விற்கப்படும் சிறு ஏடே அது. ஆங்கிலேயர் அதனை 'மேட்ச் புரோகிராம்' என்பர். யாம் அதனை ஆட்ட நிரல் என இங்கு வழங்குவோம். அது பிறந்த வகையும், வளர்ந்த வகையும், இந்நாளில் மறைந்து வரும் வகையும் அறியத்தக்கன. அவற்றோடு, பெங்களூருத் தமிழராகிய நமக்கு அவ்வரலாற்றில் உள்ள பங்கினையும் எடுத்துரைக்க இக்கட்டுரையில் முயல்கின்றோம்.

பிறப்பும் பயனும்

இங்கிலாந்து நாட்டில் கால்பந்துச் சங்கம் 1863-ஆம் ஆண்டில் தோன்றியது. அச்சங்கத்தின் கோப்பைப் போட்டி 1871-72-இல் தொடங்கியது. அக்காலத்தில் ஆட்டக்காரரின் சட்டையில் எண் கிடையாது. ஒரே நிறச் சட்டையணிந்த பதினொருவர் களத்தில் ஓடும்பொழுது, இன்னார் இவர் என அறிவது எங்ஙனம்? இக்குறையைத் தீர்க்கவே முதலில் ஒரு சிறு அட்டை அச்சிடப்பெற்றது. அதில் பெயர்கள் வெறும் வரிசையாக அன்றி, களத்தில் அவரவர் நிற்கும் இடத்திற்கேற்ப அமைக்கப்பட்டிருந்தன. இலக்குக் காவலர் ஒருவர், பின்னணியினர் இருவர், இடையணியினர் மூவர், முன்னணியினர் ஐவர் என்னும் அமைப்பில் பெயர்கள் நின்றன. அட்டையைக் கையில் பிடித்துக் களத்தை நோக்கினால், வலப்புறத்து ஓரமாய் ஓடுபவர் யார் என்பது புலனாகிவிடும். சட்டையில் எண் பொறித்து ஆடும் வழக்கம் இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில் 1928-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள்தான் முதன்முதல் முயன்று பார்க்கப்பட்டது. அது கட்டாயமாக்கப்பட்டது 1939-இல். அதுவரை களத்திற்கும் காண்போருக்கும் இடையே பாலமாக நின்றது அவ்வட்டையே.

அட்டை நாளடைவில் ஏடாயிற்று. நான்கு பக்கம் எட்டாகவும், எட்டுப் பதினாறாகவும் பெருகின. அணித்தலைவரின் உரை, எதிரணியினரைப் பற்றிய குறிப்பு, முந்தைய ஆட்டங்களின் முடிவுகள், அடுத்த ஆட்டங்களின் நாள்கள், உள்ளூர்க் கடைகளின் விளம்பரங்கள் ஆகியன அதில் இடம்பெற்றன. இவ்விளம்பரங்களின் வருவாயே அச்சுச் செலவின் பெரும்பகுதியைத் தாங்கியது.

மக்கள் அதனை வாங்கியே தீரவேண்டும் என்பதற்காகக் கழகத்தார் செய்த உபாயம் ஒன்று சுவையானது. இடைவேளையில், பிற ஊர்களில் அதே நேரத்தில் நடைபெறும் ஆட்டங்களின் நிலையை ஒரு பலகையில் தொங்கவிடுவர். ஆனால் அப்பலகையில் அணிகளின் பெயர் இராது. எழுத்தும் எண்களும் மட்டுமே இருக்கும். எந்த எழுத்து எந்த ஆட்டத்தைக் குறிக்கும் என்பது நிரலில் மட்டும் அச்சிடப்பட்டிருக்கும். கையில் ஏடு இல்லாதவர் பக்கத்திலிருப்பவரைக் கேட்டுத்தான் அறியவேண்டும். வானொலிப் பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் காலம் வரும்வரை இவ்வுபாயம் நன்கு பயன்பட்டது.

வெற்றிடமாக நின்ற பதினொரு வரிகள்

ஆட்ட நிரல் வெறும் விளம்பரத் தாளன்று, வரலாற்றுச் சான்று என்பதை உணர்த்த ஒரு நிகழ்ச்சியே போதும். 1958-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், மான்செஸ்டர் யுனைடெட் அணியினர் பயணஞ்செய்த வானூர்தி மியூனிக் நகரில் விபத்துக்குள்ளாயிற்று. ஆட்டக்காரர் எண்மர் உயிர் நீத்தனர். அடுத்து அக்கழகம் ஆடிய ஆட்டம் பிப்ரவரி 19-ஆம் நாள் ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணியோடு நிகழ்ந்தது. நிரலை அச்சுக்கு அனுப்பவேண்டிய நாளில், களத்தில் இறங்கப்போகும் பதினொருவர் யார் என்று கழகத்தாராலேயே சொல்ல இயலவில்லை. எனவே எதிரணியின் பெயர்கள் ஒருபுறம் நிற்க, மான்செஸ்டர் அணிக்குரிய பதினொரு வரிகளும் வெற்றிடமாகவே அச்சிடப்பெற்றன. வந்திருந்தோர் ஒலிபெருக்கியில் பெயர்களைக் கேட்டுத் தம் கையாலேயே எழுதிக்கொண்டனர். அந்நகர் அடைந்த துயரை விளக்க எழுதப்பட்ட நூல்கள் பல உள. எனினும், அவ்வெற்றிடம் கண்டார் நெஞ்சில் உண்டாக்கும் உணர்ச்சி தனிப்பட்டது.

விபத்து நேர்ந்த இரண்டாம் நாள், அதாவது பிப்ரவரி 8-ஆம் நாள், நடைபெறவிருந்த வேறோர் ஆட்டத்திற்கும் நிரல் முன்னரே அச்சிடப்பட்டிருந்தது. ஆட்டம் ஒத்திவைக்கப்படவே, அப்படிகள் அழிக்கப்பட்டன. தப்பிப் பிழைத்தவை மிகச் சிலவே. நடைபெறாத ஆட்டத்தின் நிரலைத் திரட்டுவோர் இன்று பெருவிலை கொடுத்தும் தேடுகின்றனர். 1882-ஆம் ஆண்டின் இங்கிலாந்துக் கோப்பை இறுதியாட்டத்தில், ஓல்டு எட்டோனியன்சு அணியும் பிளாக்பர்ன் ரோவர்சு அணியும் மோதின. அதற்குரிய நிரல் ஒன்று 2013-ஆம் ஆண்டில் இலண்டன் ஏலத்தில் 35,250 பவுனுக்கு விலைபோயிற்று. ஒருநாள் பயனுக்கென அச்சிட்ட தாள் நூற்று முப்பது ஆண்டுகள் கழித்துப் பெற்ற மதிப்பு இது.

நம் ஊரும் கால்பந்தும்

இனி நம் ஊருக்கு வருவோம். பெங்களூரில் ஆங்கிலேயரின் படைப்பாளையம் 1809-ஆம் ஆண்டில் அமைந்தது. சென்னை மாகாணப் படையோடு வந்த சிப்பாய்களும், அவர்களைச் சார்ந்து வந்த வணிகரும், கொத்தரும், தச்சரும், சமையற்காரரும், வண்டியோட்டிகளும் அல்சூரைச் சுற்றிக் குடியேறினர். அவருள் பெரும்பாலோர் தமிழர். பட்டாளத்து வெள்ளையர் மாலைப்பொழுதில் ஆடிய ஆட்டத்தை வேலியோரம் நின்று பார்த்த சிறுவர், பந்து வெளியே வந்தபொழுது உதைத்துப் பழகினர். செருப்பும் இல்லாத கால்கள் அவை. பின்னாளில் ஆஸ்டின் டவுன், மர்பி டவுன், கௌதமபுரம் முதலிய குடியிருப்புகள் கால்பந்தின் பாசறைகளாயின. ஆர்.பி.ஏ.என்.எம். பள்ளித் திடலும், ஆஸ்டின் டவுனின் நந்தன் திடலும், அசோக் நகரிலுள்ள கால்பந்து அரங்கமும் பல தலைமுறையினரின் ஆட்டத்தைக் கண்டவை. கௌதமபுரத்தில் பிரேசில் நாட்டு வீரர் பெலேயின் சிலை நிற்பதை அன்பர்கள் பலரும் கண்டிருப்பர். அம்மக்களின் பற்றுக்கு அதனினும் சான்று வேண்டுவதில்லை.

இவ்வூர் ஈட்டிய வெற்றிகள் சிறியன அல்ல. பம்பாயின் ரோவர்சு கோப்பைப் போட்டி 1891-இல் தொடங்கியது. நெடுங்காலம் ஆங்கிலப் பட்டாளத்தாரே வென்றுவந்த அக்கோப்பையை, படைசாராத இந்தியக் கழகங்களுள் முதன்முதலாக 1937-ஆம் ஆண்டில் வென்றது பெங்களூர் முஸ்லிம்ஸ் அணியே. மறு ஆண்டும் அவ்வணியே வென்றது. மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையை மைசூர் அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய நான்கு பருவங்களில் பெற்றது. அதன்பின் மைசூர் மாநிலம் 1973-இல் கர்நாடகம் எனப் பெயர் மாறியது. அப்புதிய பெயரில் ஐந்தாம் முறையாக அக்கோப்பை கிட்டியது 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாளில்தான். சவூதி அரேபியாவின் ரியாத் நகரில், மேகாலய அணியை 3-2 என்னும் கணக்கில் வென்று, ஐம்பத்து நான்கு ஆண்டுக் காத்திருப்பை நம் மாநிலத்தார் முடித்துவைத்தனர்.

ஒலிம்பிக்கு அரங்கிலும் இவ்வூரின் சுவடு ஆழமானது. விடுதலை பெற்ற இந்தியாவின் கால்பந்து அணி 1948-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், இலண்டனையடுத்த இல்ஃபோர்டில் பிரான்சு நாட்டை எதிர்த்து ஆடியது. நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். ஆட்டத்தின் எழுபதாம் நிமிடத்தில் இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதற் கோலை அடித்தவர் பெங்களூரின் இராமன். இரண்டு தண்ட உதைகளைத் தவறவிட்டமையால் இந்தியா 2-1 எனத் தோற்றது. 1952-இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியரிடம் 10-1 எனப் படுதோல்வியுற்ற ஆட்டத்திலும், இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூரின் அகமது கான். முதலிரண்டு ஒலிம்பிக்குகளிலும் இந்தியாவுக்குக் கிடைத்த கோல்கள் இரண்டே. இரண்டையும் அடித்த கால்கள் இவ்வூர்க் கால்கள். இதனை இன்று நம் இளைஞருள் எத்துணைப் பேர் அறிவர்?

துண்டுத்தாளும் அச்சுக்கூடமும்

இங்கிலாந்தில் போல ஒவ்வோர் ஆட்டத்திற்கும் பல பக்க ஏடு விற்கும் வழக்கம் நம் ஊரில் வேரூன்றவில்லை. அதன் பணியை இங்கே பலவகைத் தாள்கள் பகிர்ந்துகொண்டன. போட்டி தொடங்குமுன் தெருக்களில் வழங்கும் துண்டு நோட்டீசு, சுவரில் ஒட்டும் வண்ணத்தாள், நுழைவுச் சீட்டு, அணிகள் மோதும் முறையைக் காட்டும் அட்டவணை, பெரும்போட்டியாயின் அதனையொட்டி வெளியிடும் மலர் ஆகியனவே அவை. வறியோர் வாழும் பேட்டைகளின் கழகங்களுக்கு நோட்டீசே நிரல், நோட்டீசே மலர், நோட்டீசே வரவேற்புரை.

அத்தாள்கள் மறைந்தால் மீளாமைக்குத் தக்க காரணம் உண்டு. அந்நாளைய அச்சுக்கூடத்தில், அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்து, சட்டத்தில் இறுக்கி, காலால் மிதித்து இயக்கும் பொறியில் ஏற்றுவார். வேண்டிய படிகள் அச்சாகி முடிந்ததும், எழுத்துகளை மீண்டும் பிரித்து அறைகளில் போட்டுவிடுவர். அடுத்த திருமண அழைப்பிதழுக்கு அதே எழுத்துகள் வேண்டுமன்றோ? நூலாயின் மறுபதிப்புக் காணும். நோட்டீசுக்கு மறுபதிப்பு ஏது? அச்சிட்ட சில நூறு படிகளும் போனபின், அத்தாள் உலகில் இருந்தமைக்கே அடையாளம் இராது.

தாளும் நீடித்து நிற்பதற்குரியதன்று. மலிவான தாளில் அமிலத்தன்மை மிகுதி; வெயில் பட்டால் பழுக்கும், மடித்த இடத்தில் முறியும். தைத்த கம்பி நம் ஊர் ஈரத்தில் துருவேறித் தாளைத் தின்னும். எஞ்சியதைக் கரையான் கொள்ளும். இவை அனைத்தினும் கொடியது, வீடு மாறும்பொழுது நிகழும் துப்புரவு. எமக்கு அறிமுகமான ஓர் இல்லத்தில், ஒரு பழைய ஆட்டக்காரரின் தகரப்பெட்டி நெடுங்காலம் பரண்மேல் இருந்தது. நோட்டீசுகளும் சான்றிதழ்களும் குழுப்படங்களும் நிறைந்த பெட்டி அது. அவர் காலமானபின், தெருவோடு வந்த பழைய தாள்காரரிடம் அத்தாள்கள் எடைக்குப் போயின. வீட்டாரைக் குறை கூற யாம் துணியோம். அவை என்ன என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் ஒருவரும் இலர். யாமும் அப்பெட்டியை ஒருநாள் பார்க்கவேண்டும் என எண்ணியிருந்து, நாளைக் கடத்தியவர்களே. இக்கட்டுரைக்கு வித்திட்டது அவ்வருத்தமே.

பெயரில் அடங்கிய செய்தி

தாள் போனால் என்ன, முடிவுகள் நூல்களில் இல்லையோ எனச் சிலர் வினவலாம். கோல் கணக்கு இருக்கின்றது. மக்கள் எங்கே என்பதே எம் வினா. தமிழரைப் பொறுத்தவரை இவ்வினா பெயரிலேயே தொடங்குகின்றது. நம் வழக்கில் முதலெழுத்து தந்தையின் பெயரைச் சுட்டும். இயற்பெயர் பின்னே நிற்கும். பிறநாட்டார் வழக்கிலோ முன்னது இயற்பெயர், பின்னது குடிப்பெயர். ஆகவே, எஸ். இராமன் என்பவர் உலக ஏடுகளில் சாரங்கபாணி இராமன் என விரிந்து நிற்கும்பொழுது, அயலார் 'சாரங்கபாணி'யை அவருடைய இயற்பெயராகவே கொள்வர். ஹெல்சிங்கி சென்ற டி. சண்முகம் அங்ஙனமே துளுக்காணம் சண்முகம் எனப் பதிவாகியுள்ளார். 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் பெங்களூரின் அருமைநாயகம் இருந்தார். அவ்வொரு பெயரும் சில பட்டியல்களில் 'அருமை' 'நாயகம்' என இரண்டாகப் பிளந்து கிடக்கின்றது.

இத்தகைய குழப்பங்களைத் தீர்க்கவல்லவை உள்ளூர்த் தாள்களே. தம் தெருப் பிள்ளையின் பெயரை உள்ளூர்க் கழகத்தார் பெரும்பாலும் சரிவர அறிவர். எந்தத் தெரு, எந்தத் தொழிற்சாலை, எந்தப் பள்ளி என்பதையும் அறிவர். ஒரே பெயருடையார் இருவர் இருப்பின், பெரியவர், சின்னவர் எனப் பிரித்தும் எழுதுவர். தலைநகரத்து நாளேடு ஒற்றை வரியில் முடித்துவிடும் செய்தியை, பேட்டையின் நோட்டீசு முழுமையாகத் தரும்.

இன்னொரு சிறப்பும் அத்தாள்களுக்கு உண்டு. பெங்களூரின் அணிகளில் தமிழரும், கன்னடியரும், உருது பேசும் முஸ்லிம்களும், தெலுங்கரும், ஆங்கிலோ இந்தியரும் தோளோடு தோள் நின்று ஆடினர். இராமன், அகமது கான், கெம்பையா எனப் பெயர்களை அடுக்கினாலே இவ்வூரின் பன்மொழி வாழ்வு கண்முன் நிற்கும். அகமது கானும் பெங்களூரின் தன்ராஜும் கல்கத்தா சென்று கிழக்கு வங்கக் கழகத்தில் ஆடினர். வெங்கடேஷ், அப்பாராவ், சாலே ஆகியோரோடு இவ்விருவரையும் சேர்த்து வங்க மக்கள் 'பஞ்ச பாண்டவர்' எனக் கொண்டாடினர். தமிழர் பிறமொழியாரோடு கலந்து வாழ்ந்து, அவர்தம் அன்பையும் பெற்ற வரலாறு இது. புலம்பெயர்ந்த மண்ணில் சங்கம் நடத்தும் நமக்கு இதனினும் உவப்பான வரலாறு வேறு யாது?

நிரல் மறையும் காலம்

ஆட்ட நிரல் பிறந்த நாட்டிலேயே இன்று நலிவுற்றிருக்கின்றது. களத்தில் இறங்குவோரின் பட்டியல் ஆட்டத்திற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னரே கைப்பேசியில் வந்துவிடுகின்றது. சில நாள் முன்னதாக அச்சுக்குச் சென்ற ஏடு அதனோடு போட்டியிட இயலாது. தாள்விலையும் அச்சுக்கூலியும் ஏறின, வாங்குவோர் குறைந்தனர், விற்காத படிகள் குவிந்தன, விளம்பரம் தருவோரும் வேறு வழிகளை நாடினர். முன்பு இங்கிலாந்தின் கால்பந்து லீகில் ஒவ்வொரு கழகமும் நிரல் வெளியிடவேண்டும் என்பது விதி. 2018-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அக்கழகங்களே கூடி வாக்களித்து அக்கட்டாயத்தை நீக்கின. பின்னர் 2020-இல் பெருந்தொற்று வந்தது. பார்வையாளரின்றி ஆட்டங்கள் நடந்தன. வாயிலில் விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. அச்சிடுவதை நிறுத்திய கழகங்கள் சில. இணையவழி ஏட்டுக்கு மாறியவை சில. பற்றுடையோர் பொருட்டு இன்றும் அச்சிட்டு வருபவை பல.

நம் ஊரிலும் காலம் மாறிவிட்டது. பெங்களூரு எஃப்.சி. என்னும் கழகம் 2013-இல் தோன்றி, முதற்பருவத்திலேயே ஐ-லீக் பட்டம் வென்றது; 2016-இல் ஆசியக் கழகங்களின் ஏ.எஃப்.சி. கோப்பை இறுதியாட்டம்வரை சென்றது. கண்டீரவ அரங்கில் இன்று ஆட்டம் பார்க்கச் செல்வோர் பலரும் நுழைவுச் சீட்டையே கைப்பேசியில் காட்டி உள்ளே செல்கின்றனர். பேட்டைகளின் போட்டிகளுக்கும் அழைப்பு கைப்பேசிப் படமாகவே வருகின்றது. இதனால் நன்மை இல்லாமல் இல்லை. செலவில்லை, நொடியில் ஆயிரவரை அடைகின்றது, துபாயிலும் சிங்கப்பூரிலும் உள்ள நண்பர் உடனே காண்கின்றார். ஆயின், தாள் பரணில் கிடந்து தற்செயலாகவேனும் பிழைக்கும். கைப்பேசி பழுதானால் அதிலுள்ள படமும் உடன் போகும். அனுப்பியவரும் பெற்றவரும் அதனை அன்றே அழித்துவிடுவதுமுண்டு. வருங்காலத்து வரலாற்றாசிரியருக்கு 1950-ஆம் ஆண்டின் போட்டியைவிட 2020-ஆம் ஆண்டின் பேட்டைப் போட்டி அரிய பொருளாகிவிடக்கூடும்.

திரட்டுவோரின் தொண்டு

மேனாட்டில் நிரல்களைத் திரட்டுவோர் பல்லாயிரவர். அவர்களுக்கெனச் சந்தைகளும் விலைப்பட்டியல்களும் உள்ளன. அவர்கள் தாளின் நிலையைக் கூர்ந்து நோக்குவர். மடிப்பு இருந்தால் விலை குறையும். கம்பி துருவேறினால் குறையும். பென்சிலால் எழுதியிருந்தாலும் குறையும். வணிகர் நோக்கில் இது பொருத்தமே. எம் நோக்கில் பென்சில் எழுத்தே பெருஞ்செல்வம். அச்சான பெயரை அடித்து வேறு பெயர் எழுதியிருந்தால், கடைசி நேரத்தில் ஆள் மாறியது புலனாகும். ஓரத்தில் கோலும் நிமிடமும் குறித்திருந்தால், அது நேரிற் கண்டவரின் சாட்சியம். ஏலச்சந்தையில் குறையெனப்படுவது வரலாற்றில் நிறையாகின்றது.

தமிழருக்கு இத்தொண்டு புதிதன்று. டாக்டர் உ.வே. சாமிநாதையர் (1855-1942) ஊர் ஊராக அலைந்து ஏட்டுச்சுவடிகளைத் திரட்டி, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த வரலாறு நம் அனைவர்க்கும் தெரிந்ததே. கரையானுக்கும் நெருப்புக்கும் ஆற்றுவெள்ளத்துக்கும் இரையாகவிருந்தவற்றை அப்பெரியார் மீட்டார். அவர் மீட்டவை பேரிலக்கியங்கள். நோட்டீசோ எளிய தாள் என ஒதுக்குவார்க்கு இன்னொருவரை நினைவூட்டுவோம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் தொழில் கற்றவர். நூல்களோடும் இதழ்களோடும், பிறர் குப்பை எனத் தள்ளிய நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் அவர் வாழ்நாளெல்லாம் திரட்டினார். ஏறத்தாழ ஒரு லட்சம் எனப்படும் அத்தொகுதியைக் கொண்டு, அவர் மறைவிற்குப் பின் 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. சிகாகோ பல்கலைக்கழகத்தார் அத்தொகுதியை வாங்கித் தமிழ்நாட்டிலேயே நிலைபெறச் செய்தனர். இன்று தமிழ் நாடக வரலாறு எழுதுவோர் அந்நோட்டீசுகளைத் தேடிச் செல்கின்றனர். நாடகத்திற்கு ஒருவர் செய்ததை, நம் ஊர்க் கால்பந்துக்கு நாம் பலர் கூடிச் செய்தல் ஆகாதோ?

நாம் செய்யத்தக்கன

அன்பர்களே, இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அல்சூரிலும், ஆஸ்டின் டவுனிலும், மர்பி டவுனிலும், கௌதமபுரத்திலும் பழைய ஆட்டக்காரரின் இல்லங்கள் இன்னும் உள்ளன. நம் உறுப்பினர்க்கு அவர்கள் உறவினர், அண்டைவீட்டார், உடன் பணியாற்றியோர். ஒவ்வொருவரும் ஓரில்லத்திற்குச் சென்று, பரண்மேல் என்ன உளது எனக் கேட்டறிதல் முதற்பணி. தாளைக் கேட்டு வாங்கிவரவேண்டும் என்பதில்லை. அது அவர்தம் உடைமை. அங்கேயே நல்லொளியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, தாளை அவர்களிடமே பத்திரமாகத் திருப்பித் தருதலே முறை.

படம் எடுத்தால் மட்டும் போதாது. இஃது எந்தப் போட்டி, எந்த ஆண்டு, எந்தத் திடல், குழுப்படமாயின் இடமிருந்து வலமாக நிற்போர் யாவர் என்பவற்றை அங்குள்ள முதியோரைக் கேட்டு உடனே எழுதிக்கொள்ளவேண்டும். முதலெழுத்தை விரித்து எழுதவேண்டும். ஐயமுள்ள இடத்தில் ஐயம் என்றே குறிக்கவேண்டும். ஊகத்தை உண்மையாக எழுதுதல் தாளை எரித்தலினும் தீது. தாளைக் காப்பதற்கும் சில எளிய வழிகள் உண்டு. துருவேறிய கம்பியை மெல்ல நீக்குக. கிழிந்த இடத்தில் ஒட்டுநாடாவை ஒட்டற்க, அதன் பசை நாளடைவில் தாளைக் கறையாக்கும். நெகிழித்தாளால் இருபுறமும் மூடிச் சூடேற்றி ஒட்டுதலும் கூடாது. ஈரம் படாத இடத்தில், மடிக்காமல், தட்டையாக வைக்க.

இவ்வாறு திரட்டிய படிகளை ஒரு நூலகத்தில் ஒப்படைத்து, ஆண்டுதோறும் விழாவன்று ஒரு சிறு கண்காட்சியாக வைக்கலாம். தம் தந்தையின் பெயரை அச்சில் காணும் மகனும், தம் பாட்டனாரின் பெயரைக் காணும் பேத்தியும், மறுநாளே தம் வீட்டுப் பெட்டியைத் திறப்பர் என்பது எம் நம்பிக்கை.

1968-69-இல் கோப்பை வென்றோருள் பலர் முதுமை எய்திவிட்டனர், பலர் மறைந்துவிட்டனர். அகமது கான் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் காலமானார். அவ்வாட்டங்களைக் கண்ணால் கண்டவர் தொகையும் நாளுக்கு நாள் குறைகின்றது. கேட்டறிய வேண்டியவற்றை இவ்வாண்டிலேயே கேட்டறிதல் வேண்டும். அடுத்த மலர் வரை ஒத்திவைத்தல் தகாது. மான்செஸ்டர் நகரத்தார் துயரத்தின் காரணமாகப் பதினொரு வரிகளை வெற்றிடமாக விட்டனர். நாம் மறதியின் காரணமாக விட்டோம் என்னும் பழி நமக்கு வேண்டா.

இம்மலரைக் கையில் ஏந்திய அன்பர்கள், விழா முடிந்தபின் இதனை இருக்கையில் விட்டுச் செல்லாது, வீட்டிற்கு எடுத்துச் சென்று, பரண்மேலுள்ள பெட்டியில் வைப்பார்களாக. அப்பொழுது, அப்பெட்டியில் முன்னரே கிடப்பது யாது என்பதையும் ஒருமுறை பார்ப்பார்களாக.